கிழியாத வலை

இன்று காலை பக்கத்து வளவு வேலியில் காயப்போட்ட வலையிலிருந்து பாசி மணம் வர, நாரந்தனைக் கரையில் தென்னங்கிடுகால் வேய்ந்து, கடல்மணலே தரையாக, மெழுகுதிரியும் கருவாடும் கலந்து மணத்துக்கொண்டிருந்த எங்கள் சின்னக் கோயிலுக்கு மனம் மெல்ல மிதந்து போயிற்று. இப்போது அங்கே வெறும் பற்றைக்காடுதான்.

பூசை வைக்கச் சுவாமியார் வராத ஞாயிறுகளில் கோயில் மூப்பர் செபம் சொல்ல, பிள்ளைகள் நாங்கள் வேதாகமம் வாசிப்போம். முதன்முதலாக என் முறை வந்த அன்று, எதையும் வாய்விட்டுக் கேட்டுவிடும் அப்பா என்னை வெட்கப்படுத்திவிடுவாரோ என்றுதான் பயந்தேன். உயிர்த்த ஆண்டவர் கரையில் நின்று, படகின் வலப்பக்கம் வலை வீசச் சொன்ன இடத்தை வாசித்தேன்.

"பொறு பிள்ளை, அண்டைக்கு என்ன காத்து?" என்றார் அப்பா.

"சோளகமாத்தான் இருக்கும்," என்றார் அவரோடு கடற்றொழிலுக்குப் போகும் மாமா.

"கோயிலுக்கையும் தொழில் கதையோ?" என்று மூப்பர் அதட்ட, எல்லாரும் சிரித்தார்கள். கண்ணீர் முட்ட முட்ட, அத்தனை பெரிய மீன்கள் நிறைந்தும் வலை கிழியவில்லை என்ற வரியை வாசித்தேன்.

"கிழியேல்லையோ?" அப்பா எழும்பியே விட்டார். முந்தின கிழமைதான் எங்கள் வலை கிழிந்து, பட்ட மீனெல்லாம் போயிருந்தது. "திருப்பி வாசி மோனை."

வாசித்தேன். இம்முறை ஒருவரும் சிரிக்கவில்லை. அடுத்து, சாப்பிட வாருங்கள் என்று ஆண்டவர் கரையில் நின்று கூப்பிடும் இடம் வந்தபோது தலை நிமிர்ந்து பார்த்தேன். மூப்பர் உட்பட எல்லாரும் கடற்பக்க வாசலைத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.