அறாமல் ஒரு சுருள்

வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் ஒரு முழுச் சுருள் இழை, நடுவில் அறாமல். முடியாவிட்டால் மாட்டுச்சாளையின் மூலையைக் காலி செய்துவிட வேண்டும். அப்பாவோடு நான் செய்துகொண்ட ஒப்பந்தம் அது. சினைமாடு ஒன்றுக்கு முன்பணம் கொடுத்திருந்தார். அதைக் கட்ட அந்த மூலைதான் வேண்டும்.

மிஷின் நானே கட்டியது. பழைய பிளாஸ்டிக் மூடிகளைத் தூளாக்கிக் கொட்டினால், சூடான குழாய்க்குள் ஒரு திருகு அதைத் தள்ளிக்கொண்டு போய், முனையில் நூலாக வெளியே விடும். முப்பரிமாண பிரிண்டருக்கு அந்த நூல்தான் தீனி. திருகைச் சுற்றுகிற மோட்டார் புதன்கிழமை மக்கர் செய்ய ஆரம்பித்தது. ஐந்து நிமிடம் ஓடும். பவர் சப்ளையின் பச்சை விளக்கு கண் சிமிட்டும். நின்றுவிடும். இழை அறுந்து தொங்கும்.

மோட்டாரைப் பிரித்துப் பார்த்தேன், பழுதில்லை. அப்படியானால் கரண்ட்தான் என்று முடிவு கட்டிவிட்டேன். எதுவும் எனக்கு உடனே தெரிந்துபோகும், அதுதான் என் வியாதி. எங்கள் மீனாட்சிபுரத்தில் கறவை நேரம் வந்தால் வீட்டுக்கு வீடு கறவை மிஷின் ஓடும், டியூப்லைட் மங்கும். நான் கம்பெனி விட்டு வந்து ஓட்டுவதும் அதே நேரம். வேறென்ன யோசிக்க?

வியாழக்கிழமை அக்காவிடம் போய் நின்றேன்.

"இன்னிக்கு ஒரு நாள் கையில கறந்துக்கோக்கா."

"ஆறு மாட்டையுமா? உன்ற நூலுக்கு என்ற விரல் ஒடியோணுமா?"

திட்டிக்கொண்டே கறந்தாள். எங்கள் கறவை மிஷின் ஓடாததிலேயே டியூப்லைட் பளிச்சென்று எரிந்தது. ஐந்தாவது நிமிடம் மோட்டார் நின்றது.

"ஏண்டா, இப்ப எந்த மாடு உன்ற கரண்ட்டைக் குடிச்சுது?"

அதுவரை வோல்ட் மீட்டரைச் சுவர் பிளக்கில் மட்டுமே வைத்துப் பார்த்திருந்தேன். இப்போதுதான் சப்ளையிலிருந்து மோட்டாருக்குப் போகும் வயரில் வைத்தேன். இருபத்துநாலு காட்டியது. ஹீட்டர் 'டக்'கென்று ஆன் ஆனதும் பதினாறு. பிளாஸ்டிக் உருகக் காத்திருக்கப் பொறுமையில்லாமல் போன மாசம்தான் பெரிய ஹீட்டராக மாற்றியிருந்தேன். ஒரே சப்ளை, இரண்டுக்கும் தாங்கவில்லை. தப்பு ஊர் மேல் இல்லை.

வெள்ளிக்கிழமை லீவு போட்டேன். பழைய சின்ன ஹீட்டரை மாட்டுகிற அவசரத்தில் சென்சார் வயரைப் பிய்த்து, அதைப் பற்றவைப்பதற்குள் மத்தியானம் ஆனது. சூடேற நாற்பது நிமிடம். உட்கார முடியவில்லை. தொட்டித் தண்ணீரை மாற்றினேன், மாடுகளுக்குச் சோளத்தட்டு வெட்டிப் போட்டேன், ஓடி ஓடி வந்து மீட்டரைப் பார்த்தேன்.

ஓடியது. இருபத்துநாலிலிருந்து இறங்கவே இல்லை. சுருள் பாதி ஏறியபோது வாசலில் டெம்போ வந்து நின்றது. அப்பா மாட்டை இறக்கினார்.

"ஆச்சாடா?"

"பாதிங்கப்பா. இன்னும் ரெண்டு மணி நேரம் ஓடோணும்."

"அறாம வருதா?"

"வருதுங்கப்பா."

அப்பா மாட்டைத் தென்னை மரத்தில் கட்டினார். அது வெயிலில் கால் மாற்றி மாற்றி நின்றது. வயிறு ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது. இழையைப் பார்த்தேன், மாட்டைப் பார்த்தேன், சுவிட்சை நானே அணைத்தேன்.

குழாய் ஆறவில்லை. சாக்கைச் சுற்றி மிஷினை அப்பா ஒரு முனையும் நான் ஒரு முனையுமாகத் தூக்கினோம்.

"எங்கடா வெக்கறது?"

"என்ற ரூம்ல வேண்டாம், இப்பவே சொல்லிட்டேன்" என்றாள் அக்கா.

வீட்டுக்குள்ளே தோதான பிளக் ஒன்றுதான் இருந்தது. அதில் டிவி மாட்டியிருந்தது. அப்பா தன் முனையைக் கீழே வைத்துவிட்டு, டிவியை ஒரு தடவை பார்த்தார்.