கெப்பில் கூட்டிய இரண்டு பட்டைகள்

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது எங்கள் குடும்பமே ஒரு கெப் வண்டியின் பின்பக்கத்தைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டிருந்தது. யார் வந்தாலும் நலம் விசாரிப்பதற்கு முன் வண்டியின் பின்தட்டில் இரண்டு கையையும் ஊன்றி ஒருமுறை அமுக்கிப் பார்ப்பார்கள். வண்டி கீழே போய் மேலே வரும். வந்தவர் உதட்டைப் பிதுக்கிவிட்டுத் தனக்குத் தெரிந்த வைத்தியத்தைச் சொல்வார். கல்யாண வீட்டுக்குப் போனாலும் இதே பேச்சுதான். எனக்கு அலுத்தே போய்விட்டது.

எங்களுடையது எஹலியகொடைக்கு மேலே உள்ள ரப்பர் தோட்டம். மரத்தில் வெட்டிய பாலைத் தாங்கியில் நிரப்பி, அந்தத் தாங்கி ஏற்றிய டிரெய்லரை பெக்டரிக்கு இழுத்துப் போக ஒரு வண்டி வேண்டுமென்று தோட்டத்து மேனேஜர் துரை கேட்டிருந்தார். அப்பா தோட்ட வேலையை விட்டுவிட்டு முன்னே இரண்டு வரிசை சீட்டும் பின்னே சாமான் தட்டும் உள்ள ஒரு பழைய கெப்பை வாங்கி வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்தார். எங்கள் லயத்து வீடுகள் பக்கம் இருந்த ஒரே வண்டி அதுதான். பால் இழுக்கும் வேலை கிடைத்தால் வருடம் முழுக்க ஓட்டம் இருக்கும், அம்மா பால் வெட்டப் போவதை நிறுத்திவிடலாம். ஆனால் வெள்ளோட்டம் பார்த்துத்தான் கொடுப்பேன் என்று துரை சொல்லிவிட்டார். பஜாரிலிருந்து ஒரு டிரெக்டர்காரரும் போட்டிக்கு நின்றார்.

எங்கள் கெப்புக்கு இழுக்கத் தெம்பு இருந்தது, தாங்கத்தான் இல்லை. பாரமான டிரெய்லரை மாட்டியதும் பின்பக்கம் குந்திவிடும், மூக்கு தூக்கிக்கொள்ளும். முன்சக்கரத்துக்குப் பிடிப்பு இருக்காது. விளக்கு ரோட்டில் விழாமல் எதிரே வருகிறவர் கண்ணில் விழும். ஒருநாள் மாலை ஒரு பஸ் டிரைவர் வண்டியையே நிறுத்தி, “லைட் எக்க டிம் கரபன்” என்று சிங்களத்தில் தொடங்கி, அப்பாவைப் பெற்றவர்கள் வரை போய்விட்டுத்தான் ஓய்ந்தார். அப்பா டிம்மில்தான் வந்துகொண்டிருந்தார்.

ரப்பர் தோட்டத்துக்காரர்களுக்கு எந்த நோய்க்கும் ரப்பர்தான் மருந்து. மரத்தில் காய்ந்து கிடந்த ஒட்டுப்பாலைப் பொறுக்கிச் சேர்த்து, கட்டையாக அமுக்கி, அச்சுக்கும் சட்டத்துக்கும் நடுவில் வைத்துக் கட்டினார் சித்தப்பா. வெயில் ஏறியதும் அது இளகி இரண்டு பக்கமும் பிதுங்கியது. ஒட்டுப்பால் எப்படி நாறும் என்பது தெரிந்தவர்களுக்குத் தெரியும். அந்த வாரம் பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை.

கொழும்பில் வண்டிச் சாமான் கடையில் வேலை செய்த மாமா போனில் வேறு வழி சொன்னார். பின்சக்கரத்து ஸ்பிரிங் வில்லோடு காற்றுப் பை வைக்கலாம், பாரம் ஏற்றும்போது காற்றடித்து, இறக்கியதும் காற்றை விட்டுவிடலாம் என்றார். கூடவே விலையையும் சொன்னார். அப்பா சிக்னல் இல்லை என்று போனை வைத்துவிட்டார்.

“அண்ணே, ரெண்டு பட்டை கூடப் போடுவோம். ஆனையே ஏறினாலும் குந்தாது” என்றார் சித்தப்பா. வில்லில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும் வளைந்த இரும்புத் தகடுகளைத்தான் பட்டை என்பார்கள். பஜார் கராஜில் மெக்கானிக் பாஸ் போட்டுக் கொடுத்தார். பாரத்தோடு போனால் சுகமாக இருக்கும், வெறும் வண்டியில் போனால் எலும்பெல்லாம் கழன்றுவிடும் என்று அவர் அப்போதே சொன்னார். சித்தப்பா அதைக் காதில் வாங்கவில்லை.

பால் தாங்கி வெள்ளோட்டத்தன்றுதான் கைக்கு வரும். அதற்குமுன் பட்டையைச் சோதித்துப் பார்க்க, ஹார்ட்வெயார் கடைக்கார நானாவிடம் ஒரு தட்டு டிரெய்லரை இரவல் வாங்கினார்கள். பாரத்துக்கு எங்கே போவது? சொந்தக்காரர்களையே ஏற்றலாம் என்றார் சித்தப்பா. அதையும் சும்மா செய்தாரா? பால் நிறுக்கும் கொட்டகையைத் திறக்கச் சொல்லி, ஒவ்வொருவரையும் தராசில் ஏற்றி நிறுத்த பிறகுதான் டிரெய்லருக்கு அனுப்பினார். எங்கள் குடும்ப மானம் அன்று கப்பலேறியது. நிறையைச் சத்தம்போட்டுச் சொன்னதற்குப் பெரியம்மா சண்டைக்கு வந்தார். பெரியப்பா, பால் நிறுக்கும்போது வாளிக்குக் கழிப்பதுபோலத் தன் செருப்புக்கும் கழிக்கச் சொல்லி வாதாடினார்.

சித்தி மட்டும் ஏற மறுத்துவிட்டார். “எனக்குத் தல சுத்துதுங்க, நான் வரல” என்றார். சித்தப்பா எல்லார் முன்னாலும் எரிந்து விழுந்தார். எனக்கும் எரிச்சல்தான். கிழடு கட்டைகளெல்லாம் ஏறியிருக்கும்போது இவருக்கு மட்டும் என்ன வந்தது? அம்மாதான் நடுவில் புகுந்தார். “விடுங்க தம்பி, அவளுக்குப் பதிலா ரெண்டு வாளி கல்லு போடுங்க.”

கெப் மேட்டில் ஏறியபோது பின்பக்கம் இம்மியும் தாழவில்லை. சித்தப்பா டிரெய்லரில் எழுந்து நின்று கை தட்டினார். டிரெய்லரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெறும் வண்டியில் வரும்போது குழிக்குக் குழி எங்கள் தலை கூரையில் முட்டியது, நான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வேலை நமக்குத்தான் என்று எல்லோரும் சந்தோஷமாக இருந்தார்கள்.

அன்று சாயங்காலம் அம்மா அடுப்படியில் அப்பாவிடம் வெகுநேரம் தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார். மறுநாள் காலை அப்பா பஜாருக்குப் போய் இரண்டு பட்டைகளையும் கழற்றிக்கொண்டு வந்துவிட்டார்.

வெள்ளோட்டத்தில் எங்கள் கெப் துரையின் கண்முன்னாலேயே குந்தியது. பாதித் தாங்கியைத்தான் இழுக்க முடிந்தது. வேலை டிரெக்டர்காரருக்குப் போய்விட்டது, அம்மா தொடர்ந்து பால் வெட்டப் போனார். “ஏண்ணே கழட்டுனீங்க?” என்று சித்தப்பா நடுவாசலில் நின்று கேட்டார். “மனசுக்குப் புடிக்கல” என்றார் அப்பா. இது ஒரு பதிலா? சித்தப்பா அன்றோடு அப்பாவிடம் பேசுவதை நிறுத்திக்கொண்டார். எனக்கும் அப்பாமேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. மாதக்கணக்கில் எல்லார் உயிரையும் வாங்கிவிட்டுக் கடைசியில் பழையபடி தொளதொள வண்டியோடு நின்ற மனுசரை என்ன சொல்வது.

பிறகு சித்திக்கு வயிறு தெரிந்தது. மாதாமாதம் அப்பாதான் கிளினிக்குக்குக் கூட்டிப்போனார். சித்தப்பாவும் கூடப் போவார், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

குழந்தை பிறந்து இரத்தினபுரி ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குப் போகலாம் என்று துண்டு வெட்டிக்கொண்டு வந்த அன்று நானும் வண்டியில் இருந்தேன். சித்தி பின்சீட்டில் குழந்தையை மடியில் வைத்திருந்தார். தோட்டத்து ரோட்டில் அப்பா உருட்டிய வேகத்துக்கு, நடந்து போனவர்களே எங்களை முந்திப் போனார்கள். முன்சீட்டில் இருந்த சித்தப்பா திடீரென்று சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“அண்ணி இப்பத்தான் ஆஸ்பத்திரியில வச்சுச் சொன்னாங்க. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேண்ணே.”

“முன்ன ரெண்டு தடவயும் தங்காமப் போச்சு. இந்த தடவ உங்கிட்டகூடச் சொல்லப் பயந்தா” என்றார் அப்பா. “அந்தப் பட்டையோட இந்த ரோட்டுல அவள ஏத்திட்டுப் போக எனக்கு மனசு வரல.”

சித்தப்பா வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். நான் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். சித்தி பயந்ததற்கும் பட்டையைக் கழற்றியதற்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு விளங்கவில்லை. கைவிட்டுப்போன வேலையை நினைத்து இத்தனை மாதம் கழித்து ஒருவர் இப்படி அழுவாரா என்றுதான் இருந்தது. பார்க்கப் பாவமாகவும் இருந்தது.

“அழாதீங்க சித்தப்பா” என்றேன். “அடுத்த வருசம் ரெண்டு பட்டையும் போட்டுட்டு நம்மளே பால் இழுப்போம்.”

அடுத்த குழி வருவதற்குள் அப்பா வேகத்தை இன்னும் குறைத்தார்.