அமுக்கிய பிறகு போட்ட கோடு

நான் ஒரு பொய்க் கோடு போட்டவன். அந்தக் கோட்டினால் ஒரு மனிதர் தன் மூன்று வயது மகளை விட்டுவிட்டு மறுபடியும் குவைத்துக்குப் போனார். இன்றுவரை அவருக்கு அது தெரியாது.

இதை அவரிடம் அல்லவா சொல்ல வேண்டும்? உங்களிடம் ஏன் சொல்கிறேன்? அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லத் துணிவில்லை... உங்கள் முகம் எனக்குத் தெரியாது. அவ்வளவுதான் காரணம். இதிலும் ஒரு கோழைத்தனம் இருக்கிறது என்று நீங்கள் நினைத்தால், சரியாகத்தான் நினைக்கிறீர்கள்.

என் பெயர் ஏழுமலை. ஊர் ஓமந்தூர்ப் பக்கம். அப்பா மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போடுகிறவர். கூட்டுறவுச் சங்கத்தில் இன்றும் பெருவிரலில் மை தடவிக்கொள்கிறவர். எங்கள் வீட்டில் கையெழுத்துப் போடத் தெரிந்த முதல் ஆள் நான். டிப்ளமா முடித்து, திண்டிவனத்தில் ஏசி பொருத்தித் தரும் கடையொன்றில் சூப்பர்வைசராகச் சேர்ந்தேன்.

என் குற்றம் உங்களுக்குப் புரிய வேண்டுமானால் எங்கள் வேலையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ஏசியின் கேஸ் செம்புக் குழாய்களில் ஓடுகிறது. ஒரு குழாயை இன்னொன்றோடு இணைக்கப் பல காலமாக நெருப்புதான். டார்ச்சால் சூடேற்றி, வெள்ளி கலந்த கம்பியை உருக்கி இடுக்கில் ஓடவிடுவார்கள். அதற்குப் பிரேசிங் என்று பெயர். இப்போது பிரஸ் ஃபிட்டிங் வந்துவிட்டது. உள்ளே ரப்பர் வளையம் வைத்த சிறு செம்புக் கூடு. குழாயை அதற்குள் செருகி, கையில் பிடிக்கும் மெஷினால் கவ்வி அமுக்கினால் நாலைந்து நொடியில் ஜாயிண்ட் தயார். நெருப்பே வேண்டாம்.

ஒரே ஒரு நிபந்தனை. குழாய் கடைசிவரை உள்ளே போயிருக்க வேண்டும். போனதா இல்லையா என்று கண்ணுக்குத் தெரியாது. அதனால் செருகுவதற்கு முன்பே ஆழத்தை அளந்து, குழாயின்மேல் மார்க்கரால் ஒரு கோடு போட வேண்டும். செருகிய பின் அந்தக் கோடு கூட்டின் வாயருகே வந்து நின்றால் குழாய் முழுதாகப் போய்விட்டது என்று அர்த்தம். அமுக்கிவிட்டு அப்புறம் கோடு போட்டால்...? எப்போதும் சரியான இடத்தில்தான் இருக்கும். எத்தனை அரைகுறை ஜாயிண்டாக இருந்தாலும்!

சென்னையில் ஒரு நாள் பயிற்சிக்குப் போய் இதையெல்லாம் கற்றுவந்தவன் நான். கடையில் எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்தவனும் நான்தான். சலீம் பாய்க்கும் நான்தான் சொல்லிக்கொடுத்தேன்.

சலீம் பாய் கோட்டக்குப்பம். என்னைவிட எட்டு வயது பெரியவர். பத்து வருடம் குவைத்தில் பிரேசிங் அடித்தவர். விடுமுறைக்கு வந்தபோது அவர் மகள் அவரைப் பார்த்து அம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டாளாம். "போன்ல அத்தா அத்தான்னு கூவுது, நேர்ல வந்தா யாருன்னு கேக்குது. போதும்டா சாமின்னு ஆயிடுச்சி" என்பார். திரும்பிப் போகாமல் எங்கள் கடையிலேயே சேர்ந்துவிட்டார். மூன்று மாதத்தில் அவர் ஊட்டினால்தான் அவள் சாப்பிடுவாள் என்ற நிலை. முதலாளி விழுப்புரத்தில் ஒரு கிளை திறக்க இருந்தார். சித்திரையில் அதை சலீம் பாயிடம் ஒப்படைப்பதாகப் பேச்சு. அது நடந்தால் குவைத் கிடையாது. நடக்காவிட்டால், பழைய கம்பெனிக்காரன் சித்திரை முடியும்வரை அவருடைய இடத்தை வைத்திருப்பதாகச் சொல்லியிருந்தான்.

என்னை அவர் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. டிப்ளமாதான்.

முதன்முதலில் மெஷினைக் கையில் எடுத்தபோது சிரித்தார். "இன்னா டிப்ளமா, நெருப்பு காட்டாத ஜாயிண்ட் ஒரு ஜாயிண்டா? இது நிச்சயதார்த்தம்பா. கல்யாணம்னா நெருப்பு வளக்கணும்."

"உங்க கல்யாணத்துல எங்க பாய் நெருப்பு வளத்தாங்க?"

ஒரு கணம் விழித்துவிட்டு, ஏணியே ஆடும்படி சிரித்தார். "ஆமால்ல... கையெழுத்துதான் போட்டேன்."

"அதே மாதிரிதான் பாய் இதுவும். அந்தக் கோடுதான் கையெழுத்து. அது இல்லாம அமுக்கக் கூடாது."

அன்றிலிருந்து அவர் கோடு என்று சொன்னதில்லை. "கையெழுத்துப் போட்டாச்சா?" என்றுதான் கேட்பார்.

தை மாதம் விழுப்புரத்தில் ஒரு ஸ்கேன் சென்டரில் வேலை. உள்ளே நோயாளிகள், ஆக்ஸிஜன் சிலிண்டர்கள். நெருப்பு கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். அதனால் உள்ளே பதினெட்டு ஜாயிண்ட், எல்லாம் பிரஸ், என் பொறுப்பு. மொட்டை மாடியில் நான்கு ஜாயிண்ட், பிரேசிங். சலீம் பாய் பொறுப்பு. ஒவ்வொரு பிரஸ் ஜாயிண்டையும் கோடு தெரியும்படி போட்டோ எடுத்து வாட்ஸப் குழுவில் போட வேண்டும். அந்த விதியையும் வகுத்தவன் நான்.

பதினேழு ஜாயிண்டுகளை ஒழுங்காகவே செய்தேன். நம்புங்கள்... நம்ப வேண்டும் என்று கேட்கும் உரிமை எனக்கில்லை என்றாலும்.

பதினெட்டாவது, நடைபாதையின் ஃபால்ஸ் சீலிங்குக்குள், பீமை ஒட்டிய மூலையில் இருந்தது. குழாய் வளைந்து திமிறிக்கொண்டு வந்தது. ஒரு கையால் குழாய், ஒரு கையால் மெஷின். மார்க்கர் சட்டைப்பையிலிருந்து நழுவிக் கீழே விழுந்துவிட்டது. கீழே நின்ற முதலாளி, "ஜல்தி ஏழுமலை, டாக்டர் வந்துக்கினு இருக்கறாரு" என்றார். இறங்கி மார்க்கரை எடுத்துவந்தால் குழாயை விட வேண்டும். விட்டால் முதலிலிருந்து வளைக்க வேண்டும். செருகினேன். முட்டியது போலிருந்தது. முட்டியதா, அல்லது முட்டியது என்று நான் நினைத்துக்கொண்டேனா? அமுக்கினேன்.

பிறகு இறங்கினேன். மார்க்கரை எடுத்தேன். ஏறினேன். கூட்டின் வாயை ஒட்டி, அவசரமே இல்லாமல், ஒரு கோடு போட்டேன். போட்டோ எடுத்து அனுப்பினேன். முதலாளி குழுவில் கைதட்டும் படம் போட்டார்.

நைட்ரஜன் ஏற்றி ஒரு முழு நாள் வைத்துப் பார்த்தோம். அழுத்தம் இறங்கவில்லை. பார்த்தாயா, ஒன்றுமில்லை என்று என்னை நானே தட்டிக்கொடுத்துக்கொண்டேன்.

சித்திரை வெயிலில் அது கழன்றது.

கேஸ் போய்விட்டது. ஸ்கேன் அறை சூடேறி மெஷின் நின்றுவிட்டது. அனந்தபுரம் பக்கமிருந்து டாக்டர் சீட்டோடு வந்தவர்கள் படியில் உட்கார்ந்திருந்தார்கள். கசிவைக் கண்டுபிடிக்க முதலாளி என்னைத் தனியாக அனுப்பினார். நான் தேடவே இல்லை. ஏணியை நேராக அந்த மூலைக்குத்தான் கொண்டுபோனேன். வேறு எங்கே போட?

சீலிங் தகட்டில் எண்ணெய்க் கறை. குழாய் நழுவி வெளியே வந்திருந்தது. என் கோடு கூட்டின் வாயை விட்டு ஒரு விரற்கடை தள்ளி நின்றது.

ஏணிமேல் நிற்கும்போதே போன் வந்தது. "இன்னா, மாடில பாய் பத்த வெச்சதுதானே?" என்றார் முதலாளி. "எனக்கு அப்பவே தெரியும். இவ்ளோ நாள் கழிச்சி போவுதுன்னா அது நெருப்பு ஜாயிண்டுதான். மெஷின்ல அமுக்கனது போவாது."

அவர் கேட்கவில்லை, பாருங்கள். பதிலைக் கையில் வைத்துக்கொண்டு என் தலையாட்டலுக்காகக் காத்திருந்தார். நான் "ஆமா சார்" என்றேன்.

இரண்டே சொல். அதோடு நின்றிருந்தால்கூட ஒருவேளை நான் பயந்தவன் மட்டும்தான். அதற்குமேல் செய்தேன். என் ஜாயிண்டை வெட்டி எடுத்துவிட்டு, கோடு போட்டு, அளந்து, ஒழுங்காகப் புதிதாக ஒன்று போட்டேன். பிறகு மாடிக்குப் போனேன். சலீம் பாயின் இரண்டாவது ஜாயிண்டை, எந்தக் குறையும் இல்லாத அந்த ஜாயிண்டை, வெட்டி எடுத்துவிட்டு அங்கேயும் பிரஸ் போட்டேன். அறிக்கை எழுதினேன்: "மொட்டை மாடி, இரண்டாவது பிரேசிங் இணைப்பில் கசிவு. சரிசெய்யப்பட்டது." கீழே என் கையெழுத்து.

மறுநாள் கடைக்கு வந்ததும் சலீம் பாய் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"எந்த ஜாயிண்ட் டிப்ளமா?"

"ரெண்டாவது, பாய்."

"நான் சோப்புத் தண்ணி அடிச்சிப் பாத்தேனே. ஒரு குமிழி வரலியே."

"வெயில்ல விரிஞ்சி உட்டிருக்கும், பாய்."

"அந்தத் துண்டு எங்க? ஒருவாட்டி பாக்கறேன்."

"பழைய சாமான் கடையில போட்டுட்டேன்."

அவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டார். கோபப்பட்டிருந்தால் நான் உடைந்திருப்பேன் என்று இன்றும் நினைக்கிறேன். அவர் கோபப்படவில்லை. "சரி உடு. நீ படிச்சவன், கண்ணால பாத்துட்டு சொல்ற. எங்கியோ கை தவறிடுச்சி போல" என்றார்.

நீ படிச்சவன்!

இந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டு எழுந்துபோய் நின்றேன். திரும்பி வந்திருக்கிறேன். மீதியையும் சொல்லிவிடுகிறேன்.

துண்டைக் கடையில் போடவில்லை. இரண்டு துண்டுகளும் என் பையில்தான் இருந்தன. அந்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனவன், கொல்லையில் உட்கார்ந்து, சலீம் பாயின் ஜாயிண்டை ஹாக்ஸா பிளேடால் நெடுக்காக அறுத்தேன். எதற்குத் தெரியுமா? உள்ளே ஒரு குறை இருக்காதா என்றுதான். ஒரு சின்ன ஓட்டை, வெள்ளி ஓடாத ஓர் இடம்... அது கிடைத்தால் நான் சொன்னது பாதியாவது உண்மையாகிவிடுமே என்று அலைந்தேன். குறை இருக்க வேண்டும் என்று அன்று வேண்டிக்கொண்டதுபோல் நான் எதற்கும் வேண்டிக்கொண்டதில்லை.

அப்பா அருகில் வந்து குந்தினார். "இன்னாடா, ஞாயித்துக்கெழம அறுத்துக்கினு இருக்கிற? தங்கமா?"

"செம்புப்பா."

பிளந்த துண்டை வாங்கித் திருப்பிப் பார்த்தார். சுற்றிலும், இடுக்கின் அடிவரை, வெள்ளி ஒரே சீராக ஓடியிருந்தது.

"எவ்ளோ சுத்தமா புடிச்சிக்கினு இருக்குது பாரு. யாரு பண்ணது, நீயா?"

"இல்லப்பா. சலீம்னு ஒருத்தரு."

"கைகாரன்தான்" என்று திருப்பித் தந்துவிட்டுப் போனார்.

எழுதப் படிக்கத் தெரியாத மனிதர் ஒரு பார்வையில் படித்துவிட்டதற்கு நேர்மாறாக நான் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தேன். சித்திரை முடிய இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது. பன்னிரண்டு நாள்! ஒவ்வொரு காலையிலும் பஸ்ஸில் வரும்போது இன்று சொல்லிவிடுவேன் என்று வாக்கியத்தைத் தயார் செய்வேன். கடையின் ஷட்டரைக் கண்டதும் அந்த வாக்கியம் கரைந்துவிடும். சொன்னால் வேலை போகும் என்ற பயமா? அதுவும்தான். ஆனால் அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. கோடு முக்கியம் கோடு முக்கியம் என்று ஊருக்கெல்லாம் சொன்னவன் கோடு போடவில்லை என்று தெரிந்துபோகுமே... அவர் என்னை அப்புறம் டிப்ளமா என்று கூப்பிட்டால் அது எப்படி ஒலிக்கும்?

முதலாளி அவரைத் திட்டவில்லை. "பிரேசிங் வேலை வந்தா கூப்பிடறேன் பாய்" என்றார். அப்படி ஒரு வேலை வரப்போவதில்லை என்று மூன்று பேருக்குமே தெரியும். விழுப்புரம் கிளைப் பேச்சை அதன் பிறகு யாரும் அவரிடம் எடுக்கவில்லை.

புறப்படுவதற்கு முந்தைய நாள் ஒரு டப்பாவில் பிரியாணியோடு வந்தார். எனக்கு மட்டும்.

"ஒரு உதவி பண்ணுப்பா. அங்கயும் இப்ப எல்லாம் பிரஸ்தானாம். எனக்கு அது தெரியும்னு இங்கிலீஷ்ல ஒரு லெட்டர் எழுதிக் குடு. நீதான கத்துக் குடுத்த."

எழுதிக்கொடுத்தேன். பிரஸ் இணைப்பில் தேர்ந்தவர், செருகும் ஆழத்தைக் குறிக்காமல் ஒருபோதும் அமுக்கமாட்டார் என்று எழுதினேன். நான் கையெழுத்துப் போட்டவற்றில் அது ஒன்றாவது உண்மை. கடிதத்தை மடித்துப் பாஸ்போர்ட்டுக்குள் வைத்துக்கொண்டார்.

"பாப்பா எப்டி இருக்கறா பாய்?" என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை.

"பேக்கத் தொறந்து துணியெல்லாம் எடுத்து வெளிய போட்டுக்கினே இருக்கறா. ஒரே பேஜாரு" என்றார். சிரிக்க முயன்றார்.

இது நடந்து இரண்டு வருடமாகிறது. விழுப்புரம் கிளை திறந்தாயிற்று. அதன் பொறுப்பாளர் யார் என்று நினைக்கிறீர்கள்? அந்த நாற்காலியில் உட்கார்ந்துதான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். மேசையின் கீழ் இழுப்பறையில் இரண்டு செம்புத் துண்டுகள் இருக்கின்றன. வாட்ஸப் குழுவில் அந்தப் பதினெட்டுப் படங்களும் அப்படியே இருக்கின்றன. முதலாளி புது வாடிக்கையாளர்களுக்கு அவற்றைக் காட்டுவார். கடைசிப் படத்திலிருக்கும் கோடுதான் எல்லாவற்றிலும் நேரானது.

போன வாரம் சலீம் பாயிடமிருந்து ஒரு படம் வந்தது. செம்புக் குழாய், அதன்மேல் கறுப்பாக ஒரு கோடு, இன்னும் செருகப்படவில்லை. கூடவே குரல் செய்தி.

"இன்னா டிப்ளமா, எப்டி இருக்கிற? இங்க பத்து பேருக்கு நான்தான் இப்ப சொல்லிக் குடுத்துக்கினு இருக்கறேன். கையெழுத்துப் போடாம எவனையும் அமுக்க உடறதில்ல. யாருகிட்ட கத்துக்கினன்னு கேட்டானுங்க, திண்டிவனத்துல ஒரு படிச்ச புள்ளன்னு சொன்னேன். பாப்பா ஸ்கூல் போவுதுப்பா. அது பேர அதுவே எழுதுதாம். போன்ல காட்டுச்சி."

நாலைந்து முறை கேட்டேன். பிறகு எழுதத் தொடங்கினேன். "பாய், அந்த ரெண்டாவது ஜாயிண்ட்..." என்று எழுதி அழித்தேன். மறுபடி எழுதினேன். அழித்தேன். நான் தட்டுவது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். "இன்னாப்பா எழுதிக்கினே இருக்கிற?" என்று கேட்டார்.

"சூப்பர் பாய்" என்று அனுப்பினேன்.

உடனே பதில் வந்தது: உயர்த்திய பெருவிரல்.