பெரிய ஹாலுக்கு நாலு எண் வைத்த ஜெயமூர்த்தி

எல்லோரும் எப்படி இருக்கிறீர்கள்? வேன் ஓட்டுகிறவர்கள், கேன்டீன் அக்காமார்கள், தோட்டத்து ஆட்கள், லேபில் இருப்பவர்கள், உடம்பெல்லாம் பரவாயில்லையா? மழை விட்டும் சளி விடவில்லை என்கிறார்கள், வெந்நீர் குடியுங்கள். நான் பெரிய ஹால் அட்டெண்டர் கலியபெருமாள். எனக்குக் கையெழுத்து போடத் தெரியும், அதற்கு மேல் வராது. நான் சொல்லச் சொல்ல என் மகள் வசந்தி எழுதுகிறாள். என் பேச்சைப் புத்தகத் தமிழில் மாற்றித்தான் எழுதுவேன் என்கிறாள். படித்த பிள்ளை, அவள் இஷ்டம். வரும் ஞாயிற்றுக்கிழமை குருவிநத்தத்தில் ஜெயமூர்த்தியின் படத்திறப்பு. அன்று வருகிறவர்கள் கையில் கொடுக்கும் தாளுக்காக இதைச் சொல்கிறேன்.

செய்தி வந்தபோது நான் பெரிய ஹாலில் நாற்காலி துடைத்துக்கொண்டிருந்தேன். முந்நூறு நாற்காலி. பாதிகூட ஆகவில்லை, போன் அடித்தது. வேன் டிரைவர் பழனி. "யோவ் கலியா, நம்ம மூர்த்தி போயிட்டாருய்யா. காத்தால நெஞ்சு வலின்னாராம், பாகூர் ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருச்சி." நான் துணியோடு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். பதினேழு வருடத்தில் அந்த ஹால் நாற்காலியில் நான் உட்கார்ந்தது அன்றுதான். மணி அடித்ததும் பிள்ளைகள் வந்தார்கள், எழுந்துகொண்டேன்.

மூர்த்தியைத் தெரியாத புதியவர்களும் உங்களில் இருப்பீர்கள். கல்லூரியில் மைக், புரொஜெக்டர், வயர், எல்லாம் அவர்தான். பதினோரு வருடம் ஒப்பந்தத்தில் இருந்தார். முன்பெல்லாம் மேசையிலிருந்து கூரைவரை ஒரு தடித்த வயர் தொங்கும். வாத்தியார்கள் தங்கள் லேப்டாப்பைக் கொண்டுவந்து அதில் செருக வேண்டும். ஒருவருக்குப் பொருந்தும், ஒருவருக்குப் பொருந்தாது. கால் தடுக்கி விழுந்தவர்களும் உண்டு. பெயர் சொல்ல மாட்டேன், அவர் இன்னும் சர்வீசில் இருக்கிறார். பிறகு வயரே வேண்டாம், லேப்டாப்பில் இருப்பது காற்று வழியாகவே திரைக்குப் போகும் என்று பெரிய ஹால், அதை ஒட்டிய ஹால் இரண்டுக்கும் பெட்டி வாங்கினார்கள். வெளியூரிலிருந்து இரண்டு பேர் வந்து மதியத்துக்குள் மாட்டினார்கள். காலி ஹாலில் போட்டுக் காட்டினார்கள், படம் பளிச்சென்று வந்தது, கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். மறுநாள் முந்நூறு பிள்ளைகள் உள்ளே வந்து உட்கார்ந்ததும் படம் செத்துப்போனது.

துறைத்தலைவர் மூர்த்தியைத்தான் திட்டினார். மாட்டியது மூர்த்தி இல்லை, ஆனால் கண்ணெதிரே இருந்தது மூர்த்தி. அவர் என்னிடம் மட்டும் சொன்னார்: "காலி ஹாலு பொய் சொல்லும், கலியா. ஆளு நெறஞ்சாத்தான் உண்ம தெரியும்." மனித உடம்பு முழுக்கத் தண்ணீர், படத்தைக் காற்றில் கொண்டுபோகும் அலை தண்ணீரைத் தாண்டி வராது, அதோடு முந்நூறு போன் வேறு அதே காற்றில் அடித்துக்கொள்கிறது என்றார். எனக்கு என்ன புரிந்தது, தலையாட்டினேன்.

சரிபார்க்க ஆட்கள் வேண்டும். பரீட்சை நேரம், பிள்ளைகளை விட மாட்டோம் என்றார்கள். கேன்டீன், டிரைவர், தோட்டம் என்று எங்களை எல்லாம் சேர்த்தால் முப்பது தலை. மூர்த்தி வாசலுக்குப் போய் நின்றார். மதில் ஓரத்து வயலில் நடவு முடித்துவிட்டு செலியமேட்டுப் பெண்கள் சோறு தின்றுகொண்டிருந்தார்கள். எண்பது பேர் இருக்கும். அத்தனை பேரையும் ஏசி ஹாலுக்குள் அழைத்து வந்துவிட்டார். சேற்றுக்காலோடு, தூக்குவாளியோடு, ஆளுக்கொரு நாற்காலியில்.

"இன்னா படம் போடப் போற?" என்று முன் வரிசையில் இருந்த ஒரு அக்கா கேட்டார்.

"படமெல்லாம் இல்லக்கா. நீங்க சும்மா ஒக்காந்தாலே போதும்."

"சும்மா ஒக்காந்து பழக்கமே இல்லியேப்பா" என்றார் அவர். ஹாலே சிரித்தது.

மூர்த்தி ஏணியில் ஏறி, பக்கச் சுவரில் ஆள் உயரத்தில் இருந்த வைஃபை பெட்டியைக் கூரைக்கு மாற்றினார், தலைகளுக்கு மேலே. பிள்ளைகளின் போனுக்குத் தனி வழி, வாத்தியார்களின் லேப்டாப்புக்குத் தனி வழி என்று பிரித்தார். பிறகு கடைசி வரிசைவரை நடந்து, ஒவ்வொரு பெண்ணிடமும் போனில் ஏதாவது பாருங்கள் என்று சொல்லிவிட்டு, திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். படம் சாகவில்லை. போகும்போது அந்தப் பெண்களுக்கு கேன்டீனில் டீ வாங்கிக் கொடுத்தார். தரையெல்லாம் சேறு. துறைத்தலைவர் வந்து பார்த்துவிட்டு, இது கல்லூரியா களமா என்று கேட்டார். படம் வந்ததைப் பற்றிக் கேட்கவில்லை. நான்தான் கழுவினேன்.

அதற்குப் பிறகுதான் அந்த நாலு எண். இரண்டு ஹாலுக்கும் நடுவில் ஒரே சுவர். காற்றுக்குச் சுவர் ஏது? இங்கே இருப்பவர் லேப்டாப் பட்டியலில் தவறான ஹால் பெயரைத் தொட்டால் அவருடைய லேப்டாப் அந்தப் பக்கத்துத் திரையில் போய் நிற்கும். அதனால் மூர்த்தி ஒரு காவல் வைத்தார். திரையில் நாலு எண் வரும், அதைப் பார்த்து லேப்டாப்பில் அடித்தால்தான் படம் போகும், ஒவ்வொரு தடவையும் எண் மாறும். எங்களுக்கு அவர் சொன்ன விளக்கம் இதுதான்: "தெரைய பாக்காதவன் தெரைக்குள்ள வரக்கூடாது." அவ்வளவுதான் விஷயம். ஆனால் துறைத்தலைவர் ஒருநாள் கண்ணாடியை மறந்துவிட்டு வந்து, மூன்று முறை எண்ணைத் தப்பாக அடித்தார். பிள்ளைகள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை அவர் மூர்த்தியின் கணக்கில் எழுதிக்கொண்டார்.

முதல் வருடப் பெற்றோர் கூட்டம் வந்தது. அதற்கு முந்தின நாள் மூர்த்தி லீவு, தங்கை மகளுக்குக் காதுகுத்து. தான் இல்லாத நாளுக்கென்று பெட்டியின் ரிமோட்டை எனக்குப் பழக்கிவைத்திருந்தார். எனக்கு இங்கிலீஷ் படிக்க வராது, எண்ணிக்கையில்தான் நினைவு. எண்ணை வைக்கவும் எடுக்கவும் மூன்று தடவை கீழே, ஒரு தடவை வலது, பிறகு நடுப் பொத்தான். துறைத்தலைவர் முதல் வரிசை நாற்காலியில் உட்கார்ந்து சொன்னார்: "நாளைக்கு சிறப்பு விருந்தினர் வராரு. அவர நம்பர் அடிக்க வெச்சு அசிங்கப்படுத்த முடியாது. எடுத்துடு. மூர்த்திகிட்ட சொல்லிகினு இருக்காத." நான் மூன்று தடவை கீழே அழுத்தினேன், ஒரு தடவை வலது, நடு.

இதை இங்கே நிறுத்திவிட்டு வசந்தி என் முகத்தைப் பார்க்கிறாள். "அப்பா, இத எழுதட்டா?" என்கிறாள். எழுது.

மறுநாள் மூர்த்தி வேலைக்கு வந்தார். திரையில் வரவேற்புப் படம் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்ததால் எண் இல்லாதது அவருக்குத் தெரியவில்லை. நான் இரண்டு முறை அவர் பக்கம் போனேன். இரண்டு முறையும் ஏதோ நாற்காலி இழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பினேன். ஹால் நிறையப் பெற்றோர். கரும்பு வெட்டுகிறவர்கள், கட்டட வேலைக்காரர்கள், இருப்பதில் நல்ல சேலையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு வந்த பெண்கள். பக்கத்து ஹாலில் அதே நேரத்தில் துறை மீட்டிங். அங்கே ஒருவர் தன் லேப்டாப்பில் பட்டியலைத் திறந்து, தவறான ஹால் பெயரைத் தொட்டுவிட்டார்.

எங்கள் திரையில் வரவேற்புப் படம் போய்விட்டு பிள்ளைகளின் போட்டோக்கள் வந்தன. போட்டோவுக்குப் பக்கத்தில் பெயர், அதற்குப் பக்கத்தில் இங்கிலீஷில் ஏதோ ஒரு வரி. நிகழ்ச்சியில் ஒரு பகுதிதான் போலிருக்கிறது என்று நானும் நினைத்தேன். என் பக்கத்தில் நின்ற குருவிநத்தத்து அம்மா பூரித்துப்போனார். "என் பொண்ணுடீ, பாருடீ" என்று பக்கத்தில் இருந்தவளுக்குக் காட்டினார். பிறகு மகளிடம் கேட்டார்: "பக்கத்துல இன்னாடி எழுதியிருக்குது?"

அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். பின் வரிசையில் யாரோ தமிழில் படித்தார், சத்தமாக இல்லை, ஆனால் கேட்டது. "முதல் தலைமுறை. தேறாது."

மூர்த்தி ஓடிவந்து மெயின் சுவிட்சை அணைத்தார். அதற்குள் பன்னிரண்டு போட்டோ போயிருந்தது. பன்னிரண்டில் ஒன்பதுக்கு அதே வரிதான் என்று பிறகு சொன்னார்கள். அந்த அம்மா மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நாற்காலிகளுக்கு நடுவே இருந்த வழியில் இறங்கி வெளியே போனார். அவர் பின்னால் இன்னும் சிலர். யாரும் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அன்று மாலை முதல்வர் அறையில் விசாரணை. அப்போதிருந்த முதல்வர், துறைத்தலைவர், எதிரில் நின்றபடி மூர்த்தி. நான் டீ கொண்டு போனேன். பதினோரு வருடத்துக்குப் பிறகு மூர்த்தியை நிரந்தரமாக்கும் ஃபைல் அந்த மாதம்தான் மேசைக்கு வந்திருந்தது. அதே கட்டுக்குள் என்னுடைய ஃபைலும் இருந்தது, அது எனக்குத் தெரியும். "நான் நம்பர் வெச்சிட்டுத்தான் சார் போனேன்" என்றார் மூர்த்தி. "அப்ப யாரு எடுத்தது?" என்று கேட்டார் முதல்வர். துறைத்தலைவர் ஜன்னலைப் பார்த்தார். மூர்த்தி என்னைப் பார்த்தார். ரிமோட்டின் கணக்குத் தெரிந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். நான் மூன்று கிளாசையும் மேசையில் வைத்துவிட்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு வெளியே வந்தேன்.

மாதக் கடைசியில் மூர்த்தியை நிறுத்திவிட்டார்கள். கருவியைக் கவனிக்கவில்லை என்று காரணம். அந்த வரியை எழுதியது யார் என்று யாரையும் கேட்கவில்லை. எனக்கு நிரந்தர உத்தரவு வந்தது. வசந்தியைப் படிக்கவைத்தது அதில்தான். அதையும் எழுதிக்கொள்ளம்மா.

பாகூர் பஸ் ஸ்டாப்பில் ஒருநாள் மூர்த்தி என்னைப் பிடித்துக்கொண்டார். நான் பார்க்காதவன் போல நின்றிருந்தேன். பக்கத்தில் வந்து, மெதுவாகத்தான் பேசினார். "நீ அமுக்கினத நான் தப்பு சொல்லல. சொன்னா நீ செஞ்சிதான் ஆவணும். சொன்னவன் வாய மூடிகினான், அது அவன் புத்தி. நீ இன்னாத்துக்குடா ஊமையான?"

பஸ் வந்தது. ஏறிவிட்டேன். அது நான் போக வேண்டிய பஸ்கூட இல்லை.

அதற்குப் பிறகு அவர் கல்யாண வீடுகளுக்கு மைக் கட்டினார். அவர் மைக் கட்டும் வீட்டுக் கல்யாணத்துக்கு நான் போவதில்லை, உடம்பு சரியில்லை என்று சொல்லிவிடுவேன். இப்படியே ஆறு வருடம். சாவுக்குத்தான் போனேன். எல்லாம் முடிந்து கூட்டம் கலைந்த பிறகு அவர் மனைவி செல்வியிடம் சொன்னேன், அழுத்தியது நான்தான் என்று. அந்தப் பெண் அழவில்லை. "தெரியும்ணா. அன்னிக்கே வந்து சொன்னாரு. நீங்க என்னிக்காவது சொல்லுவீங்கன்னு ரொம்ப நாளு பாத்துகினு இருந்தாரு, அப்புறம் விட்டுட்டாரு. இப்ப எங்கிட்ட சொல்லி இன்னாண்ணா ஆவும்? எங்க சொல்லணுமோ அங்க சொல்லுங்க."

அந்தத் துறைத்தலைவர்தான் இப்போது முதல்வர். படத்தைத் திறந்துவைக்கப் போவதும் அவர்தானாம், அவரே கேட்டு வாங்கிக்கொண்டார். இந்தக் கல்லூரிக்கு வயரில்லாமல் படம் காட்டும் வசதியைக் கொண்டுவந்தவர் மூர்த்தி என்று பேசுவார். நீங்களும் கைதட்டுவீர்கள். அதனால்தான் அதற்கு முன்னாலேயே இந்தத் தாள் உங்கள் கையில் இருக்க வேண்டும் என்று அவசரப்படுகிறேன்.

மூர்த்தியுடையது என்று என்னிடம் என்ன இருக்கிறது என்று பார்த்தால், பொருள் ஒன்றும் இல்லை. பஸ் ஸ்டாப்பில் கேட்ட கேள்வி ஒன்று இருக்கிறது. சோறு தின்னும்போதும் இருக்கிறது, ஹாலைப் பூட்டும்போதும் இருக்கிறது. அதற்குப் பயம் என்று ஒரு பதில் சொல்லலாம், பிள்ளை படிப்பு என்று ஒரு பதில் சொல்லலாம். இரண்டும் நிஜம்தான், இரண்டும்...

யாரது வாசலில்? பழனியா? என்ன விஷயம்? முதல்வர் கையோடு கூட்டிவரச் சொன்னாராம். மூர்த்தியோடு பழகியவன் நான்தான் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை பேச்சுக்கு அவரைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எடுத்துக் கொடுக்க வேண்டுமாம். வருகிறேன் என்று பழனியிடம் சொல் வசந்தி, சட்டையை எடு. கொடுக்கிறேன். கதவைச் சாத்திக்கொண்டு, இந்தத் தடவை உள்ளே நின்றபடியே, அன்றைக்கு முதல் வரிசை நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு என்னிடம் எடுத்துடு என்று சொன்னது நீங்கள்தான் சார் என்று சொல்கிறேன்.