வெள்ளைப் பள்ளியைத் தாண்டி ஒரு பள்ளி

கனடாவில் சாத்தம் நகரத்துக்கு அப்பால் கறுப்பினப் பிள்ளைகளுக்கென்றே ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடம் இருந்தது என்று லைப்ரரியில் படித்த நாளிலிருந்து, அதைப் பார்த்தே தீர வேண்டும் என்று பிடிவாதம். 1996 மே மாதம்தான் வாய்த்தது. அப்போது ரொறன்ரோவின் அஜின்கோர்ட் பகுதியில் ஒரு பேஸ்மென்ட் அறையில் தனியே இருந்தேன். மேலே வீட்டுக்காரர் தேவன் அண்ணை குடும்பம். ஞாயிறு மதியம் என்னையும் கூப்பிட்டுச் சாப்பாடு போடுவார்கள். அந்த நகரத்தில் நான் வாய்விட்டுச் சிரித்தது அந்த ஒரு மேசையில்தான். அண்ணை இடைக்கிடை, "தம்பி, ஊரிலை எவடம்?" என்பார். பருத்தித்துறைப் பக்கம் என்று மழுப்பிவிடுவேன். எங்கள் ஆட்கள் சாதியை மரியாதையாகக் கேட்கிற விதம் அது. உண்மையைச் சொன்னால் அந்த மேசை போய்விடும் என்று பயம்.

அண்ணையே காரில் கூட்டிப்போனார். காலை ஏழு மணிக்குப் புறப்பட்டு, 401 நெடுஞ்சாலையில் மேற்கே ஏறக்குறைய முந்நூறு கிலோமீற்றர். வழியில் இங்கேயும் ஒரு லண்டன் உண்டு; அதைத் தாண்டினால் உழுத வயலும் வானமும்தான்.

பள்ளி ஒரே அறை. பூட்டின் திறப்பை வைத்திருந்த முதிய பெண்மணி அங்கேதான் படித்தவர். "வெள்ளைப் பிள்ளைகளின் பள்ளி எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில். பனியிலும் அதைத் தாண்டித்தான் இங்கே நடந்து வருவோம்" என்றார்.

அண்ணை என் பக்கம் திரும்பி உச்சுக்கொட்டினார். "பாவங்கள். எங்கட ஊரிலை உப்பிடி ஒண்டும் இல்லை, என்ன?"

நுணலும் தன் வாயால் கெடும். "இருந்தது, அண்ணை. பெரிய பள்ளிக்கூடம் எங்கட ஒழுங்கையிலைதான். எங்களை அங்கை எடுக்கேல்லை. நான் அதைத் தாண்டிப் போய் மற்றதிலைதான் படிச்சனான்."

"ஓ" என்றார் அண்ணை. வெளியே போய்க் காரில் ஏறிவிட்டார்.

என்ன நடந்தது என்று பெண்மணி கேட்டார். சொன்னேன். என் கையைப் பிடித்து, "எவ்வளவு தூரம் நடந்தாய்?" என்றார். அந்த வயது வரை என்னிடம் யாரும் அதைக் கேட்டதில்லை. அழுதுவிட்டேன்.

வழி முழுக்க அண்ணை கசெற்றைச் சத்தமாகப் போட்டபடி ஓட்டினார். அடுத்த ஞாயிறு மேலே கோப்பைகளின் சத்தம் கேட்டது. சட்டையை மாற்றிக்கொண்டு காத்திருந்தேன். கூப்பிடவில்லை.

போக விரும்புகிறவர்களுக்கு: முன்கூட்டியே போன் பண்ணுங்கள், இல்லாவிட்டால் பூட்டியிருக்கும். பக்கத்தில் கடை இல்லை. சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள். பஸ்ஸும் கிடையாது. சொந்தக் கார் இல்லாதவர்கள் யாரோடு போகிறோம் என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். திரும்பி வரும்போதும் அதே முந்நூறு கிலோமீற்றர்தான்.