பிள்ளையார்பாளையத்தில் ஒரு டூயல் கோர்

2007 ஆடி மாதம், ஒரு சனிக்கிழமை காஞ்சிபுரம் போனேன். சாமி கும்பிட இல்லை, பட்டு எடுக்கவும் இல்லை. கோமதி போன் பண்ணினாள், கிளம்பிவிட்டேன். ஏனாத்தூர் கல்லூரியில் ஒன்றாகப் படித்தபோது இருவரும் சேர்ந்து ஒரு மென்பொருள் எழுதினோம். சேலை டிசைனை, தறிக்கு வழிகாட்டும் ஜக்கார்டு அட்டையில் போடும் ஓட்டைகளாக மாற்றித் தரும். பிறகு நான் சென்னைக்குப் போய் அதை விற்றேன், அவள் ஊரிலேயே டிசைன் சென்டர் வைத்தாள். நாலு வருஷமாகப் பார்க்கவில்லை. பார்க்க ஏங்கினேன், போவதற்குக் காரணம்தான் கிடைக்கவில்லை.

கோயம்பேட்டிலிருந்து எழுபத்தைந்து கிலோமீட்டர், டிக்கெட் இருபத்தி நாலு ரூபாய். பஸ் ஸ்டாண்டில் ஆட்டோக்காரர், "பிள்ளையார்பாளையமா? நாப்பது குடு சார். தெருவுல பாவு போட்டுக்கினு இருப்பாங்க, சுத்திக்கினு போவணும்" என்றார். பொய்யில்லை. தெரு நீளத்துக்குப் பட்டு இழைகளை இழுத்துக் கட்டியிருந்தார்கள்.

"இன்னா பா, புதுசா டூயல் கோர் வாங்கினா உன் ப்ரோக்ராம் தொறக்கவே மாட்டேங்குது!" என்றாள் கோமதி. வந்தவனுக்குத் தண்ணீர்கூடத் தரவில்லை.

ஒரு பிராசஸருக்கு ஒரு உரிமம் என்று எழுதியிருந்தோம். ஒரு சில்லுக்குள் இரண்டு கோர் வரும் என்று அப்போது யார் கண்டது? இரண்டைப் பார்த்ததும் ப்ரோக்ராம் மூடிக்கொண்டது. பெரிய கம்பெனிகளே கோருக்குக் காசு கேட்பதா சில்லுக்குக் கேட்பதா என்று முழித்துக்கொண்டிருந்த நேரம். சில்லை மட்டும் எண்ணும்படி மாற்றினேன், திறந்தது. ஐயோ, இவ்வளவு சீக்கிரம் முடிந்துவிட்டதே என்றிருந்தது.

நல்லவேளை, வேகம் கூடவில்லை. "ஒண்ணு ஓடுது, இன்னொண்ணு சும்மா குந்திக்கினு இருக்குது பாரு" என்று திரையைக் காட்டினாள். ஒன்றன்பின் ஒன்றாக வேலை செய்யும்படி எழுதிய ப்ரோக்ராம், இரண்டாவது கோருக்கு வேலையே தராது.

"பிரிச்சுப் புதுசா எழுதணும். பழையபடி ரெண்டு பேரும் உக்காந்து எழுதலாமா?" இதைக் கேட்கத்தான் வந்தேன்.

"எதுக்குப்பா? சேலைக் கரைய நீ எழுது, உடலை நான் எழுதறேன், மெயில்ல அனுப்பிக்கலாம். ஒண்ணுக்காக ஒண்ணு காத்துக்கினு இருந்தா, ரெண்டு கோர் இருந்தும் வேஸ்ட்டுதானே?"

சரியான பேச்சுதான். அதனால்தான் வலித்தது. சுவருக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுத் தறி ஓடிக்கொண்டிருந்தது. சேலையில் கரையும் உடலும் சேரும் இடத்தைக் கோர்வை என்பார்கள். அதை நெய்யத் தறிக்கு இரண்டு பக்கமும் ஆள் வேண்டும்.

"அப்ப கோர்வைய யாரு எழுதறது?" என்றேன்.

சிரித்துவிட்டாள். "அதுக்கு ஒருத்தர் பத்தாது. சரி, அதுக்கு மட்டும் வா பா."

போகிறவர்களுக்கு: பாவு போடுவதைப் பார்க்க வேண்டுமானால் காலையிலேயே போய்விடுங்கள். புதுக் கம்ப்யூட்டர் வாங்கும் முன், உங்கள் மென்பொருளின் உரிமம் எதை எண்ணுகிறது என்று கேளுங்கள். கோர்வைப் பகுதியை எழுத இரண்டு நாள் போதும். கோமதியிடம் ஒரு மாதம் ஆகும் என்று சொல்லியிருக்கிறேன். அவளும் ப்ரோக்ராம் எழுதுகிறவள்தான், ஆனால் மறுத்துப் பேசவில்லை.