ஏலவார்குழலியின் பழனிப் பை

எங்கள் தெருவில் சிவபாலன் தன் மனைவியை அடிக்காத நாள் என்றால், அது அவள் கழுத்தில் மாலை கிடக்கும் நாள்தான். வருஷம் முழுக்க உதை வாங்குகிற ஏலவார்குழலி, தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்க மாலை போட்டுவிட்டால் 'சாமி' ஆகிவிடுவாள். சாமி மேல் கை வைக்க அவனுக்கும் பயம். முருகனைவிட அந்த ஒரு மண்டல நிம்மதியைத்தான் அவள் அதிகம் கும்பிட்டாள் என்பேன். அதில் தப்பென்ன?

தொண்ணூற்றெட்டாம் வருஷம், கிளம்புகிற அன்று காலை பை கட்டிக்கொண்டிருந்தாள். இரண்டு பச்சைச் சேலை, அவல், வேப்பெண்ணெய், கால் கொப்புளத்துக்குச் சுற்றக் கிழித்த பழந்துணி. தறியில் முகூர்த்தப் புடவை பாதியில் நிற்கிறது, போகக்கூடாது என்றான் சிவபாலன். விடியும்போதே குடித்திருந்தான். பையை எட்டி உதைத்தான். அவள் பேசாமல் எல்லாவற்றையும் எடுத்து மறுபடி அடுக்கினாள். அவள் பேசாததுதான் அவனுக்கு வெறியேற்றியது. தறியில் ஊடுநூல் ஓட்டும் நாடாக் கட்டையை உருவி, அதன் இரும்பு மூக்கால் அவள் நெற்றியில் குத்தினான். மாலையைப் பிடித்து இழுத்தான். மணிகள் தறிக்குழிக்குள் சிதறின.

அவள் அலறியதற்கு ஒருவரும் வரவில்லை. அந்த அலறல் தெருவுக்குப் பழக்கம். "மாலைய அறுத்துட்டாம்பா" என்று பக்கத்து வீட்டு மணியம்மாள் கத்திய பிறகுதான் தெருவே திரண்டது. மயிரைப் பிடித்து அவனை வெளியே இழுத்தார்கள். விளக்குக் கம்பத்தில் தறிக் கயிற்றால் கட்டி, மாட்டை அடிப்பதுபோல் அடித்தார்கள். வாயெல்லாம் ரத்தம், பல் இரண்டு மண்ணில் கிடந்தது. எனக்கு இனித்தது, மறைப்பானேன்.

கை ஓய்ந்ததும், வருஷா வருஷம் பழனிக்குக் கூட்டிப்போகும் குருசாமி கண்ணாயிரம் தீர்ப்பு சொன்னார். மாலை அறுந்தது அபசகுனமாம், இந்த வருஷம் அவள் வரவேண்டாமாம், அடுத்த தைக்குப் பார்க்கலாமாம். அதாவது, கட்டிப்போட்டவனை அவிழ்த்து அவளோடேயே வீட்டுக்குள் விட்டுவிட்டு ஊர் பழனிக்குப் போகும். கழுத்தில் மாலையும் இருக்காது. அன்று ராத்திரி அவள் உயிரோடு இருப்பாளா?

ஏலவார்குழலி கொப்புளத் துணியை நெற்றியில் இறுக்கிக் கட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

"மாலைய அறுத்ததுக்குத்தான அடிச்சீங்க சாமி. என் மண்டைய ஒடச்சதுக்கு ஒரு அடி கூட உழலியே."

அவள் உள்ளே போய் மூன்றாம் முறையாகப் பை கட்டினாள். இந்த முறை தன் கல்யாணப் புடவையையும், செத்துப்போன அம்மாவின் படத்தையும் உள்ளே வைத்தாள். பழனிக்கு நடந்துவிட்டுத் திரும்பி வருகிறவளுக்கு இதெல்லாம் எதற்கு?